கொசுறு தராத தனபால் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "அக்கா, தனபால் அண்ணன் போயிட்டாருக்கா" என்றான் பட்டறை டிரைவர். முந்தின நாள் சாயங்காலம்தான் "போயிட்டு வரேம்மா" என்று என்னிடம் சொல்லிப் போனவர்.

துவாக்குடியில் எங்கள் பட்டறை. தீயணைப்பு சிலிண்டர்களில் கார்பன் டை ஆக்சைடு நிரப்புவது அவர் வேலை. அவற்றுக்குப் பெயின்ட் அடிப்பது என் வேலை. கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், தராசு முன்னால் அவர் நிற்கிற நிலை. எடை வந்ததும் வால்வை மூடிவிடுவார். அதற்கு மேல் துளி ஏறாது.

காந்தி மார்க்கெட் கிடங்குக்காரர் ஒருவர் விடமாட்டார். "கொஞ்சம் கொசுறு போடுங்கண்ணே. நெறைய இருந்தா நல்லா அணைக்கும்ல?"

"உள்ள அது தண்ணியாட்டம் இருக்குங்க. சூடு ஏறுனா விரியும். அதுக்கு எடம் விடணும்."

"காய்கறிக் கடையில நீங்க மட்டும் கொசுறு கேக்குறீங்களே?" என்று நான் வம்புக்கு இழுப்பேன்.

"கொத்தமல்லி வெடிக்காதும்மா" என்பார்.

கிடங்குக்காரர் கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் கொசுறு கேட்டு வாங்கி நிரப்பிக்கொண்டார். இழவு வீட்டில் அவரே சொல்லி அழுதார். அவர் கிடங்கில் தகரக் கூரை போட்ட, ஜன்னல் இல்லாத பின்னறை. அங்கேதான் அந்தச் சிலிண்டர் இருந்தது. சித்திரை வெயில். அழுத்தம் தாங்காமல் வால்வில் இருந்த பாதுகாப்புத் தகடு கிழிந்து, கேஸ் முழுக்க அறைக்குள் இறங்கிவிட்டது. மூட்டை தூக்குபவர் ஒருவர் உள்ளே விழுந்துகிடந்தார். காய்கறி வாங்க வந்த அண்ணன் கூச்சல் கேட்டு ஓடினார். விழுந்தவரை வாசல்வரை இழுத்து வெளியே தள்ளிவிட்டார். தான் வாசலைத் தாண்டவில்லை.

"கேஸ் இறங்குன ரூமுக்குள்ள யாரும் போகாதீங்க. வாசனை வராது, கண்ணுக்கும் தெரியாது, ஆளைச் சாச்சுடும்." எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அவர் ஏன் போனார்? பிழைத்தவரைப் பார்த்தால் நல்லா இருக்கட்டும் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனாலும் அண்ணன்மேல் கோபம் அடங்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்?

அவர் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கத்தரிக்காய்க்கு மேலே வாடிய கொத்தமல்லி. அண்ணி அதைக் கீழே வைக்கவே இல்லை.

தராசில் இப்போது புது ஆள். முந்தாநாள் ஒருவர் கொசுறு கேட்டதும் அவன் கை தயங்கியது. நான் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் போய் வால்வை மூடினேன்.

"நீ யாரும்மா?" என்றார் வந்தவர்.

"பெயின்ட் அடிக்கிறவ. எடம் விடணுங்க."

அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பேச்சுதான். சொல்லிவிட்டுத் தராசிலிருந்து சிலிண்டரை இறக்கினேன்.