தவமணி ரீச்சரின் முகத்துக்குப் பவுடர் வேண்டாம்

தவமணி ரீச்சர் போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நான் அழுததை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரே பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்தோம். அவர் மனையியல், நான் கணிதம்.

ஓய்வுபெறும்போது நடந்த தன் சேவைநயப்பு விழாப் படத்தில் பளிச்சென்று இருக்க ஆசைப்பட்டார். மானிப்பாயில் அழகுநிலையம் வைத்திருக்கும் பழைய மாணவி, பெயர் ஒட்டாத டப்பாவில் ஒரு வெள்ளைக் கிரீம் கொடுத்தாள். "எரியுது பிள்ளை" என்று திரும்பிப் போனபோது, "எரிஞ்சாத்தான் ரீச்சர் வேலை செய்யுது" என்றாள். படிப்பித்த பிள்ளையை நம்பினார். விழாவன்று இரு கன்னமும் தோலுரிந்தன. பின்பு கருந்திட்டுகள் நிலைத்துவிட்டன.

வைத்தியர் தந்த மருந்து முடிந்தபின், காய்ந்து இழுத்த தோலுக்கு ஆமணக்கெண்ணெய் பூசலாமா என்று அவரிடமே கேட்டார். வைத்தியர் சொன்னபடி முதலில் முழங்கை மடிப்பில் ஒரு துளி. இரண்டு நாள் பொறுத்தார். பிறகுதான் ஈர முகத்தில் மூன்று துளி. "உது ஆளை வெள்ளையாக்காது. தோலைக் காயவிடாது. அதுக்கு மேலை சொல்லுறவள் பொய்க்காரி" என்பார்.

அந்த எண்ணெய் முகத்தோடு சனிக்கிழமைகளில் அழகுநிலையத்துக்கு எதிரே பஸ் தரிப்பிடத்தில் போய் இருப்பார். உள்ளே போகும் பெண்களிடம், "என்ரை முகத்தை ஒருக்கால் பாத்திட்டுப் போங்கோ" என்பார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். அந்தப் பழைய மாணவி வாசலுக்கு வந்து, "ரீச்சர், வழியிற எண்ணெயிலை அப்பளம் பொரிக்கலாம்" என்று சிரித்தாள்.

"முகத்தையே பொரிச்சனீ, அப்பளம் உனக்குப் பெரிய வேலையோ?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னித்துவிடுங்கோவன் என்றேன் நான். "கேட்டவளுக்கெல்லோ மன்னிப்பு" என்றார்.

செத்தவீட்டில், பெட்டியில் வைக்குமுன் முகத்தை அலங்கரிக்க யாரோ உறவினர் அவளையே கூப்பிட்டுவிட்டார்கள். தூரிகையோடு குனிந்து, "திட்டெல்லாம் மறைச்சு வடிவாக்கி விடுறன்" என்றாள். நான் கையைப் பிடித்தேன். "நீ செய்ததை நீயே மறைக்கப் பாக்கிறியோ? எழும்பி வெளியிலை போ."

போனாள். மகள் தாயின் முகத்தை ஈரத்துணியால் மட்டும் துடைத்தாள். பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் அந்தத் திட்டுகள் எப்படி வந்தன என்று நான் சொன்னேன். செத்தவீட்டில் அப்படிக் கதைக்கலாமோ என்று இந்த நினைவுமலரை வாசிக்கும் உங்களில் சிலர் கேட்டீர்கள். கதைக்கலாம். அன்றுதான் ஊர் முழுக்க வந்திருந்தது.

அவருடைய பொறுமையை, கைப்பக்குவத்தை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. அந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது. அது பூட்டும்வரை எனக்கு ஆறாது.