குன்றுப் பங்களாவின் வெடிப்பு

துறைமுகத்தைப் பார்த்தபடி குன்றில் நின்ற அந்த அரசாங்க பங்களாவை ஒரே காலத்தில் கட்டவில்லை. நடுவில் ஒல்லாந்தரின் தடித்த சுவர்கள். முன்னால் ஆங்கிலேயர் சேர்த்த தூண்கள். கிழக்கே அவர்களே பின்னர் ஒட்டிய மாடிக்கட்டு. அது ஒட்டிய இடத்தில் கூரையிலிருந்து நிலம்வரை ஒரு வெடிப்பு. அதைப் பார்க்கத்தான் என்ஜினியரும் கிளாக்கரான நானும் போயிருந்தோம்.

காவலாளி ஒல்லியானவர். காக்கிச் சட்டை, சாரம். எங்களோடு நடக்கும்போதும் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார்.

"சுவர் பிரியுது. மாடிக்கட்டை இடிக்கத்தான் வேணும்," என்றார் என்ஜினியர்.

"இல்லை ஐயா. புதுச்சுவர் தன்ரபாட்டுக்கு மண்ணில இறங்கட்டும் எண்டு பழசோட சேர்க்காமத்தான் கட்டியிருக்கினம்."

வெடிப்பின் குறுக்கே சுண்ணாம்பால் ஒட்டியிருந்த லாம்புக் கண்ணாடித் துண்டைக் காவலாளி காட்டினார்.

"போன வருசம் அடிச்ச புயலுக்கு முதல் ஒட்டினனான். சுவர் நூலளவு விலகியிருந்தாலும் இது உடைஞ்சிருக்கும்."

என்ஜினியர் சுவரில் ஓங்கிக் குத்தினார். கண்ணாடி அப்படியே இருந்தது.

"மற்றக் கையாலயும் குத்திப் பாருங்கோ," என்றார் காவலாளி.

என்ஜினியர் சிரித்துவிட்டார். அறிக்கையில் 'இடிக்கவும்' என்ற சொல்லை நானே வெட்டினேன்.

"இந்த மனுசனுக்கு இதை ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று வாசல் படலைவரை கையைத் தடவிக்கொண்டே கேட்டார் என்ஜினியர். அது இன்றும் எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். காவலாளி எங்களைக் கவனிக்கவேயில்லை. சாரத்தின் நுனியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.