கழக்கூட்டத்தில் நான்கு நாற்காலிகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.

வள்ளியூரில் விசேஷ வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன் நான். தங்கை முத்துலட்சுமி திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் இங்கிலீஷ் பேசச் சொல்லித்தருகிறாள். அவளிடம் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரே லாட்ஜில் வேலை பார்க்கிற நம் பக்கத்து ஆட்கள். படிப்புச் செலவை லாட்ஜே கொடுக்கிறது. அந்த லாட்ஜிலிருந்து ஒரு புகார் வந்துவிட்டது என்று போன் செய்தாள்.

“செவ்வாக்கெழம மேனேஜர் கிளாஸ்ல வந்து உக்காரப் போறாராம் அண்ணே. பாத்துட்டுத்தான் நடத்தணுமா வேண்டாமான்னு சொல்லுவாரு. நீங்க சும்மா பின்னால உக்காந்திருங்க, போதும்” என்றாள். லாட்ஜ் ஆட்கள் நின்றுபோனால் மிச்சம் இருக்கிற மூன்று பேரை வைத்து வகுப்பு நடத்த முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் பஸ் ஏறினேன். திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்; டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். களியக்காவிளை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. மலையாளம் எனக்கு வாசிக்க வராது. ஆனால் பலகைக்குக் கீழே பழக்குலை தொங்கினால் அது என்ன கடை என்று தெரிந்துவிடுகிறது.

பாலராமபுரத்தில் ஒரு பெரியவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கரமனை அக்ரகாரத்துக்காரர், ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். நான் யாரிடமும் வலியப் பேசுகிறவன் இல்லை. அவரே கேட்டுக் கேட்டு என் காரியத்தைத் தெரிந்துகொண்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இங்கிலீஷைக் கண்டபடி ஒடித்துப் பேசுகிறார்கள், மாதத்துக்கு ஒரு புதுச் சொல் கிளம்புகிறது, அடுத்த மழைக்குள் அது செத்தும் போகிறது என்றார். “செத்துப் போறதை எதுக்கு ஓய் படிச்சு வைக்கணும்? உம்ம தங்கச்சிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லும்” என்று கரமனையில் இறங்கிக்கொண்டார். எனக்கும் அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

தம்பானூரில் இறங்கிப் பழவங்காடிக்கு நடந்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், நாற்பது ரூபாய். முத்துலட்சுமி பேரைச் சொல்லி உடைத்தேன். ஒரே அடியில் சிதறியது. அங்கிருந்து கழக்கூட்டம் பதினைந்து கிலோமீட்டர். போகிற வழியெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க நடக்கிற பையன்கள், பெண்பிள்ளைகள். பஸ்ஸுக்குள் அவர்கள் பேசியதில் மலையாளமும் இங்கிலீஷும் ஒரே வாயில் வந்தன. அந்த இங்கிலீஷ், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காதில் விழுகிற இங்கிலீஷ் இல்லை.

வகுப்பு ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நடக்கிறது. நான் போனபோது மதியம் மூன்று மணி. மேனேஜர் முன்னமே வந்திருந்தார். கொல்லத்துக்காரர், சுத்தமான வெள்ளைச் சட்டை. ரிசப்ஷனில் நிற்கிற சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். புகார் அவனைப் பற்றியதுதான்.

லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வயதானவர் ஏசி குளிரவில்லை என்று இறங்கி வந்து சொல்லியிருக்கிறார். இவன் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, “மை பேட், ப்ரோ” என்றிருக்கிறான். தப்பு என்னுடையதுதான் என்று இளவட்டங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற பேச்சாம் அது. என்னை என்ன உன் கூட்டாளி என்று நினைத்தாயா என்று பெரியவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

“ஏம்ல அப்படிச் சொன்ன?” என்று முத்துலட்சுமி கேட்டாள்.

“டீச்சர், ஊர்ல அண்ணாச்சின்னு கூப்பிட்டா மரியாதை. இங்க சேட்டான்னா மரியாதை. ப்ரோன்னாலும் அண்ணந்தானேன்னு நெனச்சேன். வயசாளிய மொட்டையாக் கூப்பிடக் கூடாதுல்லா” என்றான் சுடலைமணி.

மேனேஜர் சிரிக்கவில்லை. “டீச்சரே, நல்ல இங்கிலீஷ் மட்டும் மதி. இந்தப் பிள்ளேர் பேசுறது ஒண்ணும் படிப்பிக்க வேண்டா” என்றார். மலையாளத்தில் ‘மதி’ என்றால் போதும்.

உண்மையில் அன்றுவரை அவள் அந்தச் சொற்களைத் தொட்டதே இல்லை. புத்தகத்தில் உள்ளதை மட்டும்தான் நடத்தினாள். ‘நான் சொல்லித்தரவில்லை’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் வகுப்பு பிழைத்துவிடும். சொல்லிவிடு தாயே என்று பின்னால் உட்கார்ந்து நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

“நான் சொல்லிக்குடுக்கல சார். அதுதான் என் தப்பு” என்றாள். “இவன் அதை லாட்ஜ் லிஃப்ட்ல பையங்க பேசுறதக் கேட்டுப் படிச்சிருக்கான். யாருகிட்ட சொல்லணும்னு லிஃப்ட் சொல்லிக்குடுக்காதுல்லா. இன்னைக்கு நான் சொல்லிக்குடுக்கேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

நான்கு நாற்காலிகளை இழுத்து முன்னால் போட்டாள். ஒன்று வயதான விருந்தாளிக்கு. ஒன்று ஐ.டி. பார்க் விருந்தாளிக்கு. ஒன்று முதலாளிக்கு. ஒன்று கூட வேலை பார்க்கிற ஆளுக்கு. ஒரே சேதியை நாலு நாற்காலிக்கும் கொண்டுபோய் அங்கங்கே பொருந்துகிற மாதிரி சொல்ல வேண்டும். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, வயசாளி நாற்காலிக்கு வாங்க” என்றாள்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஆயிரம் நாற்காலி போட்டிருக்கிறேன், நாலு பேர் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்தது கிடையாது. எப்படியோ போய் உட்கார்ந்தேன். சுடலைமணி என் முன்னால் வந்து நின்றான். “ஐயாம் சாரி, சார்” என்று தொடங்கி, உடனே ஆள் அனுப்புகிறேன் என்பதை நிதானமாகச் சொன்னான். அடுத்த நாற்காலிக்குப் போய், “மை பேட், ப்ரோ” என்று சிரித்தான். அங்கே அது எவ்வளவு அழகாக இருந்தது! அதே பையன், அதே தப்பு, அதே மன்னிப்பு. முதலாளி நாற்காலிக்கு முன்னால் மட்டும் வாயடைத்து நின்றான். அதில் மேனேஜரே உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. போனை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். லாட்ஜைப் பற்றி யாரோ எழுதியதைக் காட்டினார். ரூம் சுத்தம் என்று போட்டு, சாப்பாட்டுக்கு ‘மிட்’ என்று எழுதியிருந்ததாம். “இது என்தா டீச்சரே, நல்லதா சீத்தையா?”

“எனக்குத் தெரியாது சார்” என்றாள் முத்துலட்சுமி.

டீச்சருக்கே அறியாதென்றால் பிள்ளைகள் எங்ஙனே படிக்கும் என்று மேனேஜர் கேட்டார்.

“நாளைக்கு வேற ஒண்ணு வரும், அதுவும் எனக்குத் தெரியாது. யாரு சொன்னா, என்ன மொகத்தோட சொன்னான்னு விசாரிக்கப் பழகிட்டா இவங்களுக்கு நானே வேண்டாம் சார்” என்றாள். பிறகு வகுப்பைப் பார்த்து, கேளுங்கள் என்றாள்.

ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள்; மேனேஜர் போனைப் பார்த்துப் பதில் சொன்னார். எழுதியது யார்? ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிற ஒரு பெண். எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறது? ஐந்துக்கு மூன்று. கோபமாக வேறு ஏதாவது உண்டா? இல்லை. மறுபடி வந்து தங்கியதா? இல்லை. ரூம் கூட்டுகிற தங்கம் யோசித்து, “அப்போ சாப்பாடு சுமாருன்னு சொல்லியிருக்கு” என்றாள்.

“சுமாரா? வந்து எங்கிட்ட சொல்லச் சொல்லு” என்று சமையல்கார வேலு எழுந்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். முத்துலட்சுமி போனில் தேடிப் பார்த்தாள். சுமார் என்றுதான் அர்த்தம் போட்டிருந்தது.

மேனேஜர் தன் போனை மறுபடி பார்த்தார். அந்தப் பெண் எழுதியதற்குக் கீழே லாட்ஜின் பதில் இருந்தது: மிக்க நன்றி, மீண்டும் வருக. எழுதியது அவரேதான். சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமலும் இருக்க முடியாமல் முகம் துடைத்தார். எழுந்து போகும்போது, “அடுத்த செவ்வாயும் இருக்கட்டே. பக்ஷே ப்ரோ ரிசப்ஷனுக்கு வெளியே, கேட்டோ” என்று சுடலைமணி தோளில் தட்டினார்.

அன்று மாலையே திரும்பினேன். பஸ் ஏற்றிவிட வந்தவளிடம் கரமனைப் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். “செத்துப் போகட்டும் அண்ணே. இருக்கிற வரைக்கும் அதைச் சொல்றவங்க லாட்ஜுக்கு வருவாங்கல்லா” என்றாள்.

வழியெல்லாம் எங்கள் கல்யாணப் பந்தல்தான் நினைவில் வந்தது. பந்தலுக்குப் பின்னால் பையன்கள் பேசுகிற பேச்சுக்கு யாரும் சண்டை பிடிப்பதில்லை. அதே பேச்சு சம்பந்தி வரிசைக்கு வந்தால்தான் தகராறு. இத்தனை வருஷம் நாற்காலி போட்டவனுக்கு இது தோன்றவில்லை. என் தங்கைக்குத் தோன்றியிருக்கிறது.

நேற்று போன் செய்தாள். மேனேஜரும் இப்போது செவ்வாய்தோறும் வந்து உட்கார்கிறாராம். முதலாளி நாற்காலியில்தானே என்றேன்.

“இல்லண்ணே. நீங்க உக்காந்தீங்கள்லா, அந்த வயசாளி நாற்காலி. சுடலைமணி வந்து மன்னிப்புக் கேக்கிறதக் கேக்கணுமாம்.”

வள்ளியூர்,
ஆவணி மூன்றாம் ஞாயிறு.