மடிக்காமல் வெட்டிய துணி

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைத் தையல்கார அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவ்வப்போது வந்துபோகும் நாத்தனாரின் வாயிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பிள்ளைகளின் அப்பாக்களும் சேர்ந்துகொள்ள, அவள் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள். முன்னறை ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். பின்சுவர் ஆணிகளில் காக்கித்தாள் மாதிரிகள் தொங்கும். சட்டை, பாவாடை, சீருடை எல்லாமே பாதிப் பாதி உருவங்கள். துணியை இரண்டாக மடித்து, மடிப்போரம் தாளை வைத்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். வலமும் இடமும் ஒன்றுதானே?

இந்தமுறை நாத்தனார் அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கியது, மாடிப்படியில் விழுந்து இடது தோள் எலும்பை முறித்துக்கொண்ட பிறகு. பெரிய அலுவலகம் ஒன்றில் விசாரணைக் கவுண்டர் வேலை அவளுக்கு. அவளுடைய நிமிர்ந்த நடையைப் பார்த்து, அவள் அண்ணன் சின்ன வயதிலேயே ‘கொடிக்கம்பம்’ என்று பேர் வைத்திருந்தார். விழுந்ததிலிருந்து அவர் அப்படிக் கூப்பிடுவதில்லை. தகடு வைத்த எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. போகமாட்டேன் என்று நின்றவள் அவள்தான்.

“ஏசி நேரா இந்தத் தோள் மேலதான் ஊதும் அண்ணி. தகடு வச்ச இடம் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். கம்பளி ஸ்வெட்டர் கனம் தாங்கல. வேலைய விடறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டோட இருந்துடறேன்.”

“வீட்டோட இருந்து என்ன பண்ணுவே? என் மிஷின் பக்கத்துல உக்காந்து குறை சொல்லுவே. அதுக்கு நீ ஆபீஸ் போறதே மேல்.”

அண்ணி அன்றே கடைக்குப் போய், சாம்பல் நிறத்தில் மெல்லிய பனியன் துணி வாங்கிவந்தாள். முன்பக்கம் திறந்த, கனமில்லாத கார்டிகன் கோட்டு ஒன்று தைத்துவிடுவது என்று முடிவு. அதற்கென்று மாதிரி கிடையாது. நாத்தனாரின் பழைய முழுக்கைச் சட்டைத் தாளை எடுத்துப் புதுத்தாளில் நகல் வரைந்து, காலரை நீக்கினாள். கழுத்திலிருந்து மார்புவரை முன்பக்கத்தைச் சரிவாக வெட்டி இறக்கினாள். இழுத்தால் கொடுக்கிற துணிக்கு, உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் டாட் மடிப்பு எதற்கு? அதையும் எடுத்தாள். பக்கவாட்டில் விடும் தாராளத்தைக் குறைத்தாள். தோள் தையல் நீண்டு தொங்காமலிருக்க உள்ளே நாடா வைத்தாள். கழுத்துப் பட்டியை விளிம்பைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, லேசாக இழுத்துத் தைத்தாள். பட்டி கழுத்தை அணைத்துக்கொண்டு படுக்கும்.

நாத்தனார் போட்டுப் பார்த்தாள். இரண்டடி நடப்பதற்குள் இடதுபக்கம் தோளைவிட்டு நழுவி இறங்கியது.

“என்ன அண்ணி, உங்க கோட்டுக்கு என்மேல நிக்கவே இஷ்டமில்ல போல.”

“புதுசுல்ல, வெக்கப்படுது,” என்று சொல்லிவிட்டு, அண்ணி பட்டியைப் பிரித்து இன்னும் குட்டையாக்கித் தைத்தாள். மறுபடி நழுவியது. நாத்தனார் சிரிக்கவில்லை. கழற்றி நாற்காலியில் போட்டாள். “விடுங்க. இதப் போட்டுக்கிட்டு கவுண்டர்ல உக்காந்தா ஊரே என் தோளத்தான் பாக்கும். நாளைக்கே எழுதிக் கொடுத்துடறேன்.”

அண்ணி அதை எடுத்து ஹேங்கரில் மாட்டினாள். கச்சிதமாக நின்றது. ஒரு சுருக்கமில்லை, ஒரு சரிவில்லை. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டில் குற்றமில்லை. ஹேங்கருக்கு இரண்டு பக்கமும் ஒன்று.

ஜன்னலோரம் தலைவாரிக்கொண்டிருந்த நாத்தனாரை அப்போதுதான் பின்னாலிருந்து சரியாகப் பார்த்தாள். இடது தோள் நன்றாகவே இறங்கியிருந்தது. வலித்தாலும் கைப்பையை எப்போதும் அந்தப் பக்கமே மாட்டி அவள் ஏன் சரிவை மறைத்தாள், வீட்டுக்குள்கூட ஏன் துண்டு போர்த்தியிருந்தாள் என்பதும் விளங்கியது. குளிர் ஒரு காரணம்தான். வாய்விட்டுச் சொல்ல முடிந்த காரணம்.

“ஏம்மா, கொஞ்சம் திரும்பு. தோள் நாடாவத் தப்பா வச்சுட்டேன், மறுபடி அளக்கணும்.”

“எத்தன தடவ அளப்பீங்க? நான் என்ன கட்டடமா?”

“கட்டடம்னா பேசாம நிக்கும்.”

அந்த நாடாவைச் சாக்காக வைத்து இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்துகொண்டாள். மீதித் துணி தாராளமாக இருந்தது. இந்தமுறை தாளில் பாதி வரையவில்லை. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று முழுசாக வரைந்தாள். இடது தோளின் சரிவைக் கூட்டி, கைக்குழியையும் அதே அளவு கீழே இறக்கினாள். துணியை மடிக்காமல் மேசையில் விரித்து, கத்தரியைக் கையில் எடுத்தபோது, முதன்முதலாகத் துணி வெட்டுகிறவள்போலத் தாளின் ஓரங்களை இன்னொருமுறை சரிபார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் புதிதைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். கையை வீசினாள், குனிந்தாள். இருந்த இடத்தைவிட்டு அது அசையவில்லை. கழற்றி, கைப்பைக்குள் வைப்பதற்காக முதுகின் நடுவில் மடித்தாள். தோளோடு தோள் பொருந்தவில்லை. இன்னொரு தடவை நீவி மடித்தாள். அப்போதும் இடது தோள் கீழேதான் நின்றது.

அண்ணி மிஷினுக்கு எண்ணெய் விடுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

“அண்ணி, மடிச்சா ஒண்ணு சேரலயே.”

“மடிச்சு வைக்கவா தச்சேன்? போட்டுக்கத்தான் தச்சேன்.”

நாத்தனார் மடிப்பைப் பிரித்து உதறினாள். பிறகு மறுபடி போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் செருப்பு மாட்டும்போது அண்ணன் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். கைப்பை வலது தோளில் இருந்தது. “கொடிக்கம்பம் கிளம்பிடுச்சா?” என்றார், பழக்கதோஷத்தில். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“கிளம்பிடுச்சு. ஒருபக்கம் சாஞ்சுடுச்சு, அவ்வளவுதான்,” என்றாள் அவள். வாசற்படியில் இறங்கி, நின்று, திரும்பினாள். “அண்ணி, கறுப்புல இன்னொண்ணு வேணும். நீங்க வரைஞ்ச அந்தப் பேப்பரத் தூக்கிப் போட்டுடாதீங்க.”

“எதுக்குப் போடறேன்? ஆணியில மாட்டியாச்சு.”