வெறுமைக்குள்ள புட்டு

டென்மார்க் அரசாங்கம் விழுந்த அண்டைக்கு நான் இஞ்ச ஓகூஸ் யூனிவர்சிற்றி கன்ரீனில உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தனான். மூலையில ரீவி ஓடுது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பாக்கிறாங்கள். பேந்து மெல்ல மெல்ல எல்லாத் தலையும் என்ர பக்கம் திரும்புது. அந்த கன்ரீனிலேயே தமிழன் நான் ஒருத்தன்தானே. ஒரு பெட்டை வந்து என்ர தோளில கையை வைச்சு, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு கேக்கிறாள்: "நீ இப்ப என்ன உணருறாய்?"

உருளைக்கிழங்கு ஆறுது எண்டு உணருறன் எண்டன்.

விசயம் தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். எண்பதுகளின்ர கடைசியில இஞ்ச அகதியா வந்த எங்கட ஆக்கள் மனுசி பிள்ளையளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டவை. சட்டப்படி அது உரிமை. ஆனா மேலிடத்தில இருந்து, உந்தத் தமிழரின்ர கோப்புகளை அடியில வையுங்கோ, அவசரமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். சொன்னது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் தபால்காரனைத் திட்டிக்கொண்டிருந்தம். பேந்து பிடிபட்டுது, விசாரணை நடந்துது, இப்ப அரசாங்கமே போச்சுது. அதுக்கு இவங்கள் வைச்ச பேரைப் பாருங்கோ: தமிழர் வழக்கு. குழப்படி செய்தது அவங்கள், பேர் மட்டும் எங்களுக்கு.

அது கிடக்கட்டும். என்ன உணருறாய் எண்ட அந்தக் கேள்வி எனக்குப் பழைய சிநேகிதம்.

அப்ப நான் பிரெடெரிசியா எண்ட ஊரில ஒரு பிளாட்டில இருந்தனான். மூண்டு பேர். நான் யாழ்ப்பாணம், கம்பஸைப் பாதியில விட்டிட்டு வந்த பெரிய அறிவாளி. மற்றவன் மன்னார், கத்தோலிக்கன், மீன்பிடிக் குடும்பம், வாயைத் திறந்தா பகிடி. மூண்டாவது அண்ணை. மட்டக்களப்பு. ஹொட்டல் குசினியில கோப்பை கழுவினவர். மனுசி வயித்தில பிள்ளையோட இருக்கேக்க வெளிக்கிட்டவர். பிள்ளை பிறந்தது, அழுதது, கதைக்கத் தொடங்கினது எல்லாம் கசெற்றிலதான் கேட்டவர். மனுசி பதிஞ்சு ஆரும் வாற ஆக்களிட்டக் குடுத்து விடுவா. அண்ணையும் தன்ர குரலைப் பதிஞ்சு அனுப்புவார். பிள்ளை "அப்பா" எண்டு சொல்லுற துண்டை அண்ணை திருப்பித் திருப்பிப் போட்டு, நாடா இழுபட்டு, கடைசியில பெண்பிள்ளை ஆம்பிளைக் குரலில "அப்ப்பாஆ" எண்டுது.

"அண்ணை, உங்கட மகளுக்கு மீசை முளைச்சிட்டுது" எண்டான் மன்னார்க்காரன்.

"பொத்துடா வாயை" எண்டிட்டு அண்ணை திரும்பவும் போட்டார்.

அவர்ர விண்ணப்பம் போய்க் கனகாலம். கேட்டா ஒரே பதில்: பரிசீலனையில இருக்குது.

இந்த நேரத்திலதான் கொமூனுக்கு, அதுதான் ஊர்ச் சபைக்கு, ஒரு ஞானம் பிறந்தது. அகதியளுக்கு மனக்காயம் இருக்குது, கலையால அதை ஆத்த வேணும். மனுசியைக் கேட்டவனுக்கு பிரஷ்ஷைக் குடுத்தாங்கள். லைபிரரிக்குக் கீழ ஒரு அறை, புதன்கிழமை பின்னேரம், பெரிய மரமணி மாலை போட்ட ஒரு ரீச்சர், கோப்பி, கறுவாப் பணிஸ். நாங்கள் போனது பணிசுக்கு. எனக்கு டெனிஷ் ஓடினபடியா மொழிபெயர்ப்பு என்ர வேலை.

"உள்ளுக்குள்ள என்ன உணருறீங்களோ அதைக் கீறுங்கோ" எண்டா ரீச்சர்.

"என்ன மனே சொல்றா இவ?" எண்டார் அண்ணை. மகனே எண்டுறது அவர்ர ஊரில மனே.

"விரும்பினதைக் கீறட்டாம்."

மன்னார்க்காரன் நீலக் கடல் கீறி, வள்ளம் விட்டு, மேல ஒரு சூரியனையும் தொங்கவிட்டான். ரீச்சர் பாத்தா. பாத்திட்டு பெருமூச்சு விட்டா. "வடிவுதான். ஆனா உன்ர வலி எங்க?" எண்டா. அடுத்த கிழமை அவன் அதே கடலுக்கு மேல ஒரு ஹெலிகொப்ரரைக் கீறினான். ரீச்சருக்குக் கண் கலங்கிட்டுது. அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. அவனுக்கு மட்டும் ரெண்டாவது பணிஸ் வந்துது. அதுக்குப் பிறகு ஹெலி இல்லாத படமே இல்லை. மாட்டுக்கு மேல ஹெலி. கோயிலுக்கு மேல ஹெலி. நான் ஒரு பூச்சாடி கீறினனான், அதுக்கு மேலயும் ஹெலி. எங்கட காயம் நல்லா ஆறுது எண்டு ரீச்சர் கொமூனுக்குச் சொன்னாவாம்.

ஒருநாள் நான் மன்னார்க்காரனைக் கேட்டன், "எடேய், உன்ர ஹெலி ஏன்ரா ஒருநாளும் சுடுறேல்ல?"

"சுட்டது காணும்" எண்டான். அண்டைக்குப் பணிஸ் தின்னேல்ல. அவன்ர தம்பி கடலில எப்பிடிப் போனவன் எண்டு எனக்குத் தெரியும். கேட்டிருக்கத் தேவையில்லை.

உண்மையைச் சொன்னா எங்கட ஆக்கள் கலையில ஏற்கனவே பெரிய விண்ணர்கள். ஊருக்கு அனுப்பின போட்டோக்களைப் பாத்தாத் தெரியும். ஆற்றையோ வொல்வோவில சாஞ்சுகொண்டு, ஆற்றையோ கோட்டுப் போட்டுக்கொண்டு, ஆற்றையோ வீட்டு ரோசாப் பூவுக்குப் பக்கத்தில. கோப்பை கழுவின அண்ணை கழுத்தில என்ர ரையைக் கட்டிக்கொண்டு அந்த வொல்வோவுக்குப் பக்கத்தில ஒரு மனேஜர் மாதிரி நிண்டு எடுத்து அனுப்பினார். அடுத்த கசெற்றில மனுசி சொன்னா: "கார் வடிவா இரிக்கு. அத வித்துப்போட்டாவது எங்களக் கூப்பிடுங்க." எங்கட வைத்தியம் அதுதான். அங்க இருக்கிற ஆக்களைச் சுகப்படுத்த இஞ்ச இருந்து பொய் அனுப்புறது. அதுக்கு ஒரு ரீச்சரும் தேவைப்படேல்ல.

பேந்து களிமண் வந்துது. மண்ணைக் கண்டதும் அண்ணை உசாரானார். பிளாட்டில நாங்கள் புட்டு அவிச்சது ஒரு பால்மாப் பேணியில, அடியில ஆணியால குத்தின ஓட்டையோட. புட்டு தகரம் மணக்குது எண்டு அண்ணைக்கு ஒரே கவலை. மனுசி வந்தா இந்தப் பேணியையே நீட்டுறது? அவர் மண்ணில ஒரு நீத்துப்பெட்டி செய்தார். எங்கட ஊரில ஓலையில பின்னுற, பானை வாயில இருத்திப் புட்டு அவிக்கிற அதே கூம்பு. மேல அகலம், கீழ கூர், கூரில ஓட்டையள்.

சூளையால வந்ததை ரீச்சர் ரெண்டு கையாலயும் ஏந்தி, ஓட்டையளுக்குள்ளால லைற்றைப் பாத்தா. "எதை ஊத்தினாலும் நிக்காது, எல்லாம் ஒழுகிப்போகும்" எண்டா மெல்லமா. "இது வெறுமை."

"என்ன மனே?"

"நல்லாச் செய்திருக்கிறீங்களாம்."

"அப்ப வீட்ட கொண்டு போவமா?"

கொண்டுபோக விடேல்ல. கண்காட்சி வைக்கப் போறாவாம். லைபிரரி மேல்மாடியில, கறுத்தத் துணி போட்ட பீடத்தில, மேல லைற் அடிச்சு, பக்கத்தில "வெறுமை" எண்டு எழுதின ஒரு அட்டை. கொமூனில இருந்து ஒரு பெரியாள் வந்து பேச்சுப் பேசித் திறந்து வைப்பாராம்.

"பெரியாளா?" எண்டார் அண்ணை. அவர்ர முகம் மாறினதை நான் கண்டனான்.

எங்கட ஊரில பெரியாள் எண்டா பெரியாள்தான். அவர் தண்ணி இலாகாவா இருக்கலாம், தபாலா இருக்கலாம், ஒரு சொல்லுச் சொன்னா மற்ற இலாகாக்காரன் எழும்பி நிப்பான். ஆனா வெறும் வயித்தோட நிக்கிற மனுசனிட்ட விசயம் சொல்லப்படாது. முதல்ல சாப்பாடு. சாப்பிட்டு, கை கழுவத் தண்ணி ஊத்தேக்கதான் மெல்லமா வாயைத் திறக்க வேணும். இஞ்ச அப்பிடியில்லை எண்டு படிச்ச எனக்குத் தெரியும். நான் சொல்லேல்ல. கோழிக்கறி காச்சுறன் எண்டு அண்ணை சொல்லிப்போட்டாரே, அதை ஆர் விடுவான்.

கண்காட்சி அண்டைக்கு அண்ணை கோழிக்கறியைச் சட்டியோட சைக்கிளில கொண்டு வந்தார். மாவும், கேக்குக்குப் போடுற தேங்காய்த் துருவலும் பையில. லைபிரரிக் குசினியில அடுப்பு இருந்தது. புட்டு சுடச்சுட இருக்க வேணும், ஆறினதைப் பெரியாளுக்குக் குடுக்கேலாது. குழைச்சு எல்லாம் முடிய, "பேணி எங்கடா?" எண்டார்.

"அதை அப்பவே எறிஞ்சிட்டன்" எண்டான் மன்னார்க்காரன். "நீங்கள்தானே புதுசு செய்தனீங்கள்?"

மூண்டு பேரும் ஆளை ஆள் பாத்தம். பேந்து அண்ணை படியேறிப் போனார்.

நான் மேல போகேக்க பெரியாளின்ர பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பீடம் வெறுமையா நிக்குது. லைற் அடிக்குது. அட்டை இருக்குது. அதுக்கு முன்னால ஒரு டெனிஷ் புருசன் பெண்சாதி தலையைச் சரிச்சுக்கொண்டு நிக்கினம். "வெறுமை" எண்டு மனுசி வாசிச்சா. மனுசன் வெறும் துணியைப் பாத்துத் தலையாட்டினார். மனுசியின்ர கையைப் பிடிச்சார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் வந்திட்டுது.

பேந்து மணம் வந்துது. கோழிக்கறி மணம் பேச்சுக்குள்ள நுழைய, சனம் ஒவ்வொண்டாத் திரும்பினது. அண்ணை தட்டத்தோட மேல வந்தார், நீத்துப்பெட்டியோடயே புட்டு, ஆவி பறக்குது. பின்னால மன்னார்க்காரன் கறிச் சட்டியோடயும் பேப்பர் கோப்பையளோடயும்.

ரீச்சர் ஓடி வந்தா. "அது கலைப்பொருள்! அதுக்குள்ள சாப்பாடா?"

"என்ன மனே சொல்றா?"

"நல்ல வாசமாம்."

சனம் வரிசையில நிண்டுட்டுது. பெரியாள் வேர்த்து ஒழுக ஒழுக மூண்டு தரம் வாங்கித் திண்டார், கையால. அண்ணை ஒரு பூச்சாடிக்கு மேல அவர்ர கையைப் பிடிச்சு தண்ணி ஊத்தினார். ஊத்திக்கொண்டு என்னைப் பாத்தார். "இப்பச் சொல்லு மனே. ஒண்டும் கூட்டாத, குறைக்காத."

சொன்னன். மனுசியும் பிள்ளையும் கொழும்பில ஒரு லொட்ஜில நிக்கினம். பிள்ளையை இவர் இன்னும் கண்டதில்லை. ஐயா ஒரு சொல்லுச் சொன்னா உதவியா இருக்கும்.

பெரியாள் கையைத் துடைச்சார். நல்ல மனுசன், முகம் சிவந்துட்டுது. "நான் நீச்சல் தடாகமும் லைபிரரியும் பாக்கிற ஆள். விசா என்ர வேலை இல்லை."

"பறவாயில்ல. தெரிஞ்ச ஆக்களிட்ட ஒரு சொல்லு."

"டென்மார்க்கில அப்பிடி இல்லை" எண்டார் பெரியாள். பெருமையாத்தான் சொன்னார். "இஞ்ச ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லி ஒண்டும் நடக்கிறேல்ல. சட்டம் எல்லாருக்கும் ஒண்டு. உரிமை இருந்தா வருவினம்."

அதை அப்பிடியே அண்ணைக்குச் சொன்னன். அண்ணை தண்ணிச் சாடியை வைச்சிட்டு குசினிக்குள்ள போனவர், கறிச் சட்டி கழுவுற சத்தம் கன நேரம் கேட்டுது.

அண்டைக்கு பெரியாள் பொய் சொல்லேல்ல, பாவம், அவருக்குத் தெரியாது. அதே காலத்தில தலைநகரில இன்னொரு பெரியாள் ஒரு சொல்லுச் சொல்லித்தான் எங்கட கோப்பெல்லாம் அடியில கிடந்தது. கோப்பை கழுவின அண்ணைக்கு டென்மார்க்கைப் பற்றித் தெரிஞ்ச அளவு கொமூனுக்குத் தெரியேல்ல. அண்ணை பிழைவிட்டது ஒரு இடத்திலதான். புட்டைக் குடுத்த ஆள் மாறிப்போச்சு.

விசயம் வெளியில கசிஞ்சு கோப்புகள் அசையத் தொடங்கினாப் பிறகுதான் மனுசியும் பிள்ளையும் வந்தவை. எயார்போட்டுக்கு நானும் போனனான். பிள்ளை தாயின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு அண்ணையைப் பாத்தது. "இந்த மாமா ஆரு?" எண்டு கேட்டது. இவர்தான் அப்பா எண்டு தாய் சொல்ல, பிள்ளை தலையை ஆட்டினது. அதுக்குத் தெரியும், அப்பா எண்டா கசெற் பெட்டி. பட்டனை அமத்தினாக் கதைக்கும், மற்றப் பட்டனை அமத்தினா நிக்கும். இந்த மாமா ஆரோ.

வீட்ட வந்து மனுசி குசினியில, கண்காட்சி முடியக் கொண்டுவந்த நீத்துப்பெட்டியைக் கண்டிட்டுக் கேட்டா, "இது ஆரு செஞ்ச? ஓட்டை பெரிசு, மா எல்லாம் கீழ கொட்டும்." அண்டையில இருந்து அதுக்கடியில ஒரு துணித் துண்டு போட்டுத்தான் புட்டு.

இப்ப அரசாங்கம் விழுந்து ரெண்டாம் நாள் ரீச்சர் எனக்குப் போன் எடுத்தா. அழுதா. திரும்பவும் கண்காட்சி வைக்கப் போறாவாம், இந்த முறை காயம் ஆறினதைப் பற்றி. "வெறுமை" வேணுமாம். வாங்கித் தருவியோ எண்டா. சனிக்கிழமை ரெயின் ஏறிப் பிரெடெரிசியாவுக்குப் போனன்.

அண்ணைக்கு இப்ப கொஞ்சம் தொப்பை. கேட்டுட்டுச் சிரிச்சார். "குடுப்பம். ஆனா அந்த அட்டையில புட்டு அவிக்கிற சாமான் எண்டு எழுதச் சொல்லு மனே." பேப்பரில சுத்தத் தொடங்கினார்.

மகள் சோபாவால குதிச்சு ஓடி வந்தாள். இப்ப பள்ளிக்கூடம் போறாள், நாங்கள் தமிழில கேட்டா அவள் டெனிஷில பதில். அது எங்கட வீட்டுச் சாமான், குடுக்கேலாது எண்டு டெனிஷில கத்தினாள். அண்ணை ஏதோ டெனிஷில சொல்ல, அவர்ர உச்சரிப்பைத் திருத்திப்போட்டுத் திரும்பவும் கத்தினாள். அப்பவும் அவர் சுத்திக்கொண்டிருக்க, கோவம் உச்சிக்கு ஏறி, தமிழில வந்துது:

"வையுங்க மாமா!"

குசினிக்குள்ள மனுசி பைப்பைப் பூட்டினா.

அண்ணை பேப்பரைக் கழட்டி, நீத்துப்பெட்டியை அலுமாரிக்கு மேல திருப்பி வைச்சார். "கோவம் வந்தா இப்பிடித்தான்" எண்டார் என்னைப் பாக்காமல். "அரசாங்கம் விழுந்தும் நான் மாமாதான் மனே." மகள் அவர்ர காலைக் கட்டிக்கொண்டு, விம்மி விம்மி, டெனிஷில மன்னிப்புக் கேட்டாள். அவருக்கு விளங்கினதோ தெரியாது. தலையைத் தடவினார்.

ரெயினில என்ர மடியில இருந்தது அவை கட்டித் தந்த புட்டுப் பார்சல் மட்டும்தான். ரீச்சருக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தன். அண்ணை என்ன உணர்ந்தார் எண்டு கட்டாயம் கேப்பா. வெறுமை இப்ப கைவசம் இல்லை, வீட்டில பாவிக்கினம் எண்டு சொல்லுவம்.