மஃரிபுக்கு வந்த இரைச்சல்

எங்கள் பள்ளிவாசலுக்கு நான் கொடுத்த லைட்டுகளைக் கழற்றப் போகிறார்கள் என்று கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சவூதியில் வேலை முடித்து வரும்போது, மௌத்தாகிப்போன உம்மாவுக்கு நன்மை சேரட்டும் என்று நிய்யத்து வைத்துக் கொண்டுவந்தவை. பழைய இரும்புச் சோக்குக்குப் பதிலாக எலக்ட்ரோனிக் சோக் பூட்டிய, கரண்ட் குறைவாகக் குடிக்கும் டியூப் லைட்டுகள். கரண்ட் ஒழுங்காக வராத அந்த வருடங்களில் பள்ளி ஒரு சின்ன ஜெனரேட்டரில் ஓடியது. எண்ணெய் மிச்சமாகும் என்று நினைத்தேன்.

அவற்றைப் பூட்டிய பிறகு அந்தி மஃரிபு, இரவு இஷா பாங்குகளோடு வண்டு இரைவது போல ஸ்பீக்கரில் ஒரு சத்தம். பகலில் லுஹரும் அஸரும் சுத்தமாகக் கேட்கும். அந்தியில் கடல்காற்றின் ஈரம் ஏறுகிறது என்று பாங்கு சொல்லும் மோதினார் ஸ்பீக்கரைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டினார். பலனில்லை. மஃரிபுக்குத்தானே லைட்டும் போடுகிறோம் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

நோன்பு நெருங்கிவிட்டது. வீட்டுப் பெண்கள் மஃரிபு பாங்கைக் கேட்டுத்தான் நோன்பு திறப்பார்கள்.

"நோன்புத் தலைப்பிறைக்கு முன்ன கழட்டிருவம் தம்பி, கோவிக்காதீங்க," என்றார் பள்ளி நிர்வாகத்து மரைக்கார்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பாண்டிருப்பில் ரேடியோ திருத்தும் என் கூட்டாளியைக் கூட்டிவந்தேன். லைட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"நோன்புக் கஞ்சி ஊத்தக்குள்ள எல்லாரும் ஒரேயடியா விழுந்தடிச்சு சட்டிய நீட்டுவீங்களே, அப்பிடித்தான் இது கரண்ட இழுக்குது. சீரா எடுக்காம, கரண்ட் அலையின்ட உச்சியில மட்டும் பாய்ஞ்சு புடுங்குது. சின்ன ஜெனரேட்டர் தாங்குமா? அந்தக் குலுக்கம்தான் அம்ப்ளிபயருக்குள்ள இரையுது."

"கஞ்சிக்கு நீயும் வாளியோட வந்தவன்தானே," என்றேன்.

"ஓம், அதாலதான் தெரியும். பழைய லைட்டுகள்ற இரும்புச் சோக்கெல்லாம் எங்க?"

அவை தொழுகைக்குக் கைகால் கழுவும் ஹவுழுத் தொட்டிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தன. ஒவ்வொரு லைட்டுக்கும் முன்னால், கரண்ட் வரும் வயரில் ஒன்றைப் பூட்டினார். சோக்குக்குள் இருக்கும் கம்பிச் சுருள் திடீர்ப் பாய்ச்சலை விடாதாம். இழுவை தணிந்து பரவுமாம். வெளிச்சம் சற்றுக் குறைந்தது. இரைச்சலும் அடங்கியது, ஆனால் காதைக் கிட்ட வைத்தால் இன்னும் மெல்லியதாய்க் கேட்டது. மரைக்கார் பிடிகொடுக்கவில்லை.

"பாப்பம்," என்றார்.

முதல் நோன்பன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று அறிய வேண்டியிருந்தது. மனைவி பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பாங்கு வந்தது. மோதினார் மூச்செடுப்பது கூடக் கேட்டது.

"இஞ்சாருங்க, இரைச்சலக் காணல்லயே. உம்மாட லைட்டக் கழட்டிட்டாங்களா?"

 பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டபடி வாசல் கடப்படிக்கு ஓடினேன். பள்ளி ஜன்னல்கள் அத்தனையிலும் வெள்ளை வெளிச்சம்.

"இல்ல புள்ள, எரியுது," என்று அங்கிருந்தே கத்தினேன். "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் எரியுது!"