வேலுத்தாய் அழித்த பெயர்

எங்கள் ஆனைக்கரை வாயனசாலையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப்போய் அதில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் வேலுத்தாய் உங்கள் வீட்டு வாசலில் நிற்பாள். வாயனசாலை என்றால் வேறொன்றுமில்லை, பொது நூலகம்தான். பதினாறு வருடமாக நான் அதற்குச் செக்ரட்டரி. ஏலக்காய் வியாபாரம் போக மிச்ச நேரத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. மற்ற எல்லா வேலையும் வேலுத்தாயுடையது.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். பத்தாவது வரை மலையாளத்தில் படித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கம்பத்தில் ஒரு அச்சகத்தில் மூன்று வருடம் பைண்டிங் வேலை பார்த்திருக்கிறாள். புருஷன் சுருளிவேல் ஜீப் ஓட்டுகிறான். இவள் செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பை நிறையப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கொடுத்து வருவாள். எந்த வீட்டில் எந்தப் புத்தகம் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

கிறுக்கல் என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. கதையின் கொலைகாரன் யார் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்த ஒருவனை டீக்கடையில் வைத்து அவள் வாங்கிய வாங்கு இன்னும் ஊரில் பேச்சு. பென்சில் என்றால் ரப்பரால் அழிப்பாள். பேனா என்றால், வெறும் தாளாக இருந்தால் கிழித்தெடுப்பாள். கிழித்ததைக் குப்பையில் போடமாட்டாள். இரண்டு மூன்று தாளை மைதா பசையில் ஒட்டி, வேறு புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துவிடுவாள். கம்பத்தில் கற்றுக்கொண்ட சிக்கனம்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, ஒன்பதாவது படித்த ஒரு பெண்ணின் வீட்டுக்கே போய், அக்கம்பக்கத்தார் முன்னால் சத்தம் போட்டாள். ஜின்சன், டின்சி தம்பதியின் மகள். பழைய புத்தகம் ஒன்றில் தன் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டாள் என்று குற்றச்சாட்டு. அந்தப் பெண் அழுதுகொண்டே நான் இல்லை, நான் இல்லை என்றாள். காட்டுவதற்கு வேலுத்தாயிடம் ஆதாரம் இல்லை, முந்தின நாளே அழித்துவிட்டாள். ஆனாலும் வேலுத்தாய் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அந்தப் பெண்ணின் உறுப்பினர் அட்டையை ரத்து செய்து கையெழுத்துப் போட்டேன். எங்கள் வாயனசாலையில் அவளைப்போல் படிக்கிற பிள்ளை வேறு இல்லை. அதற்கப்புறம் அவள் வரவில்லை. நான் அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை.

அந்த வருடம்தான் எங்களுக்குக் கிரேடு போட அதிகாரிகள் வருவதாக இருந்தது. கிரேடு ஏறினால் மானியம் ஏறும். "கிழிஞ்சது ஒண்ணுகூட அலமாரியில இருக்கப்படாது வேலுத்தாயி, எல்லாத்தையும் புதுசாக்கிரு" என்று நான்தான் சொன்னேன். மூலையில் ஒரு தேக்குப் பெட்டி கிடந்தது. அதில் ஐந்து புத்தகங்கள். நான்கு எபிரேயம், ஒன்று லத்தீன். எல்லாம் இருநூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் அச்சானவை. இந்த மலையில் ஏலக்காய் வாங்கிக்கொண்டிருந்த கொச்சிப் பக்கத்து யூத வியாபாரி ஒருவர், குடும்பத்தோடு இஸ்ரேலுக்குக் கப்பலேறும்போது வாயனசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. துணிபோல் கெட்டியான தாள். தடவினால் எழுத்து விரலில் படும். வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. வேலுத்தாய் ஐந்தையும் புதுசாக்கினாள். எங்களுக்கு ஏ கிரேடு கிடைத்தது.

போன வருடம் ஜனவரியில் ஒரு அம்மாள் வந்தார். எழுபது வயதிருக்கும், பெயர் சிம்ஹா. இஸ்ரேலில் பிறந்தவராம். தாயிடம் கற்ற மலையாளம், இப்போது நம் பக்கம் யாரும் பேசாத பழைய மலையாளம். அந்த வியாபாரியின் பேத்தி.

பெட்டியைத் திறந்து ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகிறது, புத்தகமும் அந்தப் பக்கமிருந்துதான் திறக்கும். வேலுத்தாயோ பெயர்ச்சீட்டைக் கடைசி அட்டையில் தலைகீழாக ஒட்டியிருந்தாள். அம்மாள் சிரித்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். சிரிப்பு போய்விட்டது. அங்கே புது வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

"இங்கே ஒரு தாள் இருந்ததே," என்றார். "பிறந்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் தாத்தா அதில் எழுதி வைத்திருந்தார். என் அம்மாவுக்கு முன்னால் தாத்தா பாட்டிக்கு மூத்த பெண் குழந்தை ஒன்று இங்கேதான் பிறந்தது, ஒன்பதாம் நாள் இங்கேயே செத்தது. தாத்தாவும் பாட்டியும் அதன் பெயரை அப்புறம் வாயால் சொன்னதே இல்லையாம். பெயர் புத்தகத்தில் இருக்கிறது என்று அம்மா சாகும்வரை சொன்னாள். எங்கள் வழக்கத்தில் செத்தவர்களைப் பெயர் சொல்லித்தான் வேண்டுவோம். அந்தக் குழந்தைக்குச் சொல்லப் பெயரில்லை."

வேலுத்தாயின் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "எங்களுக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தது அம்மா."

மனசறிந்து சொன்ன பொய். ஏ கிரேடு, கமிட்டி, பத்திரிகைக்காரன் என்று ஏதேதோ ஓடியது தலைக்குள். அந்த அம்மாள் கைகூப்பிவிட்டு, மறுநாள் மத்தியானம் கிளம்புவதாகச் சொல்லிக் குமுளியில் தங்கியிருந்த விடுதிக்குப் போனார்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீக?" என்றாள் வேலுத்தாய்.

"வேற என்னத்தச் சொல்ல? நீ கிழிச்சேன்னா?"

"ஆமா. நான்தான கிழிச்சேன்."

அன்று அவள் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. பைண்டிங் கத்தியை எடுத்தாள். கிரேடு வாங்கிய வருடம் கட்டிய புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கி அட்டையைப் பிளந்தாள். தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே அறுத்தாள். நானும் உட்கார்ந்து பிளந்தேன், வேறு எப்படி அவள் முகத்தைப் பார்ப்பது? இருட்டியதும் சுருளிவேல் வந்து சாவியை வாங்கிப் பூட்டி அவளை இழுத்துப் போனான். காலையில் முப்பத்தேழாவது அட்டைக்குள் அது கிடைத்தது. ஒரு சமையல் புத்தகத்தின் பின்னட்டை. ஈரத்துணி வைத்துப் பொறுமையாக உரித்தெடுத்தாள்.

சுருளிவேலின் ஜீப்பிலேயே குமுளிக்குப் போனோம். அம்மாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வேலுத்தாய் தாளை நீட்டி, "நான்தாம்மா கிழிச்சேன். கிறுக்கல்னு நெனச்சிட்டேன்" என்றாள். செக்ரட்டரி சொன்னது பொய் என்றும் சொல்லிவிட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாள் மையில் எழுதிய வரிகளை விரல் வைத்துப் படித்தார். தன் தாயின் பெயர், மாமாக்களின் பெயர். விரல் கீழே வெற்றிடத்துக்கு வந்து நின்றது. "தாத்தா அந்தக் குழந்தையை எழுதவில்லையா? ஆனால் பாட்டி எழுதியதாக அம்மா சொன்னாளே. பாட்டிக்கு எபிரேயம் எழுத வராது. மலையாளத்தில், பென்சிலால்..."

வேலுத்தாய் அந்த வெற்றிடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அழிச்சிட்டேம்மா," என்றாள். "மொதல்ல ரப்பர் போட்டு அழிச்சேன். மை போகலன்னுதான் கிழிச்சேன்." பிறகு என்னைப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. "அண்ணே, அழிக்கறதுக்கு முன்னாடி நான் அதப் படிச்சேன். அந்தப் பேர வச்சுத்தான் அந்தப் புள்ள வீட்டுக்குப் போயி..."

ராகேல். டின்சியின் மகள் பெயர் ராகேல்.

சிம்ஹா அம்மாள் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு வேலுத்தாயின் கண்ணீரில் நனைந்த கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். அவர் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது வேலுத்தாய் ஜீப்பை அட்சய மையத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னாள். ஆதார், பென்ஷன் என்று ஊரே போய் நிற்கிற இடம். ராகேல் இப்போது அங்கேதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"கூட்டமா இருக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போயிக்கலாமே" என்றேன்.

"நாலு பேரு முன்னாடிதான ஏசினேன்? இதையும் நாலு பேரு முன்னாடி சொல்லணும். வாங்க. கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பேருக்கும் கேட்கும்படி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பேரை நீ எழுதலை, தொண்ணூறு வருஷத்துக்கு முந்தி ஒரு தாய் எழுதினது, நான்தான் பாவி என்றாள். நானும் என் பங்குக்கு, கார்டை இன்றைக்கே புதுப்பித்துத் தருகிறேன் என்று உளறினேன்.

ராகேல் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூடத் தெரியவில்லை.

"நான் எழுதலைன்னு அன்னிக்கே சொன்னேனே சேச்சி," என்றாள். "அப்பாகிட்டயும் சொன்னேன். அவர் நம்பல. வாயனசாலைக்காரங்க பொய் சொல்வாங்களான்னு கேட்டார்."

"அப்பா எங்கம்மா இருக்காரு? இப்பவே போயி அவரு கால்ல விழுந்து சொல்லுறேன்," என்றாள் வேலுத்தாய்.

எனக்குத் தெரியும். வேலுத்தாய்க்கும் தெரியும், அந்த நேரத்தில் மறந்துபோனாள். ராகேலின் அப்பா ஜின்சனின் அடக்கத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம், இரண்டு வருடத்துக்கு முன்னால். வாயனசாலை சார்பில் மாலை வைத்தது நான்தான்.

ராகேல் எங்களுக்குப் பின்னால் நின்றவரின் காகிதத்துக்காகக் கையை நீட்டினாள்.